ஒழுங்கை வாயில் நின்ற பச்சை வண்டி

சென்ற கிழமை வெள்ளவத்தையில் என்னைப் பார்க்க வந்தபோது கொள்வனவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார்: "மிஸ், ரெண்டு பிராண்டும் பேப்பரில ஒரே மாதிரி இருந்தா, எதைப் பார்த்து முடிவு எடுக்கிறது?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் ஒரு வசனத்துக்குள் அடங்காது. நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

நிவாரண வேலையின் கொள்வனவுப் பிரிவில் நான் வாங்காத பொருள் இல்லை. கூடாரம், தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர், பால்மா, ஒருமுறை சவப்பெட்டிகூட. அவற்றில் என்னை அதிகம் சோதித்தது தண்ணீரிலும் தரையிலும் ஓடக்கூடிய ஒரு வண்டி. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் தவளை வண்டி என்றுதான் சொன்னோம்.

அது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். களனி ஆறு பெருகி ஊருக்குள் வரும்போது தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. ஒரு வீட்டுக்கு முன்னால் முழங்கால் அளவு இருக்கும், அடுத்த வீட்டுக்கு முன்னால் ஆளை மூழ்கடிக்கும். லொறி போனால் ஆழத்தில் நின்றுவிடும். படகு போனால் மேட்டில் தட்டி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட சனத்தை எடுக்க ஒரு வாகனம் வேண்டும் என்று எங்கள் பிரிவின் தலைவர் பலகாலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு டொக்டர். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு நிவாரண வேலைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர், கல்கிசையில் இருந்தவர். முடிவுகளை வேகமாக எடுப்பார். அநேகமாகச் சரியாகவே எடுப்பார். வேலையில் நான் கற்ற நல்லவற்றில் பாதி அவரிடமிருந்து கற்றது.

கடைசியில் இரண்டு கொம்பனிகள் தங்கள் வண்டிகளைக் காட்ட முன்வந்தன. பெயர்களைச் சொல்லமாட்டேன். ஒன்று பச்சை நிறம், மற்றது மஞ்சள். அது போதும்.

பச்சை வண்டி பெரியது. ஆறு சக்கரம். தண்ணீரில் இறங்கியதும் பின்னால் இருக்கும் படகு மோட்டாரை இறக்கிவிட்டால் உண்மையான படகைப் போலவே ஓடும். மஞ்சள் வண்டி அகலமான தொட்டி மாதிரி இருந்தது. பக்கத்துக்கு நான்காக எட்டு ஊதிய டயர்கள். தண்ணீரிலும் அதே டயர்கள் சுழன்றுதான் அதைத் தள்ள வேண்டும். சுழலுகிற வேகத்தைப் பார்த்தால் பாய்ந்து போகும்போல இருக்கும். கரையில் நடக்கிறவர் அதை முந்திவிடுவார்.

பச்சை வண்டியின் பொறியியலாளர் பெயர் ராஜீவன். ஹெவ்லொக் டவுன் பிள்ளை. வெளிநாட்டில் அந்த வண்டியிலேயே பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பொல்கொடை ஏரியில் அவர் அதை ஓட்டிக் காட்டியபோது கரையில் நின்ற எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். வெயிலில் அது வளைந்து திரும்பிய அழகு அப்படி. மஞ்சள் வண்டி அதற்குப் பின்னால் எருமைமாடு மாதிரி வந்தது. டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஸ்டெலா, இனி என்ன யோசனை?"

"ஏரியில ஒண்டும் இல்லையே டொக்டர்," என்றேன்.

"ஏரியில தண்ணிதானே இருக்கும். வேற என்ன வேணும் உமக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மனதுக்குள் ஏதோ இடறியது. அதற்குச் சரியான சொல் அகப்படவில்லை. சொல்லத் தெரியாத சந்தேகத்தைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது என்று சிலர் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். சொல்லுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வண்டிகளையும் சில நாட்கள் பாவித்துப் பார்க்கலாம் என்று கொம்பனிகள் சொல்லியிருந்தன. கொட்டாஞ்சேனையில் எங்கள் களஞ்சியத்தின் முற்றத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எங்கள் சாரதிகள் நிமலும் ஃபாரூக்கும் இரண்டையும் ஓட்டப் பழகினார்கள். அந்த நாட்களில்தான் மலைநாட்டில் விடாமல் மழை பெய்தது. ஆறு பெருகி வெல்லம்பிட்டிப் பக்கம் ஊருக்குள் வந்துவிட்டது. கொம்பனிகளிடம் கேட்டோம். தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவர்களுக்கும் அது நல்ல விளம்பரம்தானே.

நிமல் பச்சையில், ஃபாரூக் மஞ்சளில். எது எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் மஞ்சளில் ஏறினேன். காரணம் எதுவும் இல்லை, அது வாசலுக்குக் கிட்ட நின்றது.

முதலில் வந்த அழைப்பு ஒரு மகளுடையது. தாய் மகேஸ்வரி, சிறுநீரக நோயாளி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நாள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால் இருவரும் அயல்வீட்டு மேல்மாடியில் இருந்தார்கள். ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றின் கடைசியில் அந்த வீடு.

பச்சை வண்டி எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. நாங்கள் ஒழுங்கை வாயிலை அடையும்போது நிமல் உள்ளே போய், தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஏரியில் கைதட்டியவர்கள்தான் சரி என்று நினைத்தேன்.

பாதி வழியில் பச்சை வண்டியின் மோட்டார் ஒரு முனகலோடு நின்றது.

"மிஸ், மோட்டர் ஹிர வுணா! என்னமோ சுத்திருச்சு!" என்று நிமல் பாதிச் சிங்களத்தில் கத்தினான். மோட்டார் இறுகிவிட்டது.

யாரோ மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கு ஒன்று அறுந்து, நைலோன் கயிற்றோடு தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறது. அது மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டது. நிமல் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்தான். அந்த வண்டி மிதக்கும்போது சக்கரத்தால் அதைத் திருப்ப முடியாது. தண்ணீர் அதை மெல்லக் குறுக்காகத் திருப்பி ஒரு மதிலின் பக்கம் தள்ளியது.

நிமல் காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான். இறங்கி வெட்டி எடுக்கப் போகிறான் என்று விளங்கியது.

"எபா நிமல்! பஹின்ன எபா! இறங்காதே!"

நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது. மதிலுக்கு அப்பால் மின்கம்பம் ஒன்று சரிந்து, அதன் வயர் தண்ணீருக்குள் போயிருந்தது. அந்தப் பகுதிக்குக் கரண்ட் வெட்டிவிட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. ஃபாரூக் மின்சார சபைக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தார். பதில் இல்லை. எதிர்ப்பக்க மாடியிலிருந்து ஒருவர் "கரண்ட் இல்லை, இல்லை" என்றார். அவருடைய வீட்டில் இல்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நிமலை இறக்கலாம். நோயாளியை எங்கள் வண்டிக்கு மாற்றலாம். இல்லாவிட்டால் கயிறு போட்டு இழுக்கலாம். முதலாவதை விட்டுவிட்டேன். இரண்டாவதுதான் வேகமானது. ஆனால் மகேஸ்வரி அக்காவால் தனியாக எழுந்து நிற்கவே முடியவில்லை. இரண்டு வண்டிகளும் வேறு வேறு மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் விழுந்தால் எடுக்க ஆள் இறங்க வேண்டும், யாரையும் இறக்கவும் முடியாது. ஆகவே கயிறு. ஃபாரூக்கின் முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை நிமல் எட்டிப் பிடிக்க முன்னம் அந்த மகள் பிடித்துவிட்டாள்.

மஞ்சள் வண்டி இழுத்தது. எஞ்சின் உறுமியது, எட்டு டயரும் சேற்றுத் தண்ணீரை எங்கள் முகத்தில் அடித்தன, வண்டியோ நகர்ந்ததா என்று மதிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, வேகமாப் போக ஏலாமல் இருக்கு" என்றேன்.

மகேஸ்வரி அக்கா மகளின் மடியில் சாய்ந்தபடி சொன்னார்: "மெதுவாவே போங்க தங்கச்சி. நிக்காம போனா போதும்."

மெயின் றோட்டில் அம்புலன்ஸ் காத்திருந்தது. அவரைப் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாமதமானாலும் சிகிச்சை நடந்தது, தப்பினார்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

இரண்டு நாளுக்குள் பச்சைக் கொம்பனியிடமிருந்து அறிக்கை வந்தது. வண்டியில் குறை இல்லை, ஓட்டியவரின் பிழை என்று ராஜீவன் கையெழுத்து வைத்திருந்தார். டொக்டர் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கு அந்த வண்டியில் ஏற்கெனவே மனம் விழுந்துவிட்டது. நிமலைத் தவளை வண்டியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி லொறியில் போடச் சொன்னார். நிமல் வண்டிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவன் சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

எனக்குச் சரியான கோபம். டொக்டரின் அறைக்குப் போக எழுந்தே விட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று வாசலில் நின்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நிமல் பிழை விடவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த வண்டியில் இருக்கவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். டொக்டருக்குப் பச்சை வண்டியைப் பிடிக்கும். இரண்டு விருப்பங்களும் மேசைக்கு இருபுறமும் இருந்து கத்திக்கொண்டால் பதவியில் பெரியவர்தான் வெல்வார். தண்ணீருக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

ஆகவே உள்ளே போய் வேறொன்றைக் கேட்டேன்.

"டொக்டர், அந்த ஒழுங்கையில இன்னும் தண்ணி வடியேல்லை. ராஜீவனையே கூப்பிட்டு அதே இடத்தில ஓடிக் காட்டச் சொல்லுவம். அவர் ஓடினா ஓட்டுநர் பிழை எண்ட கதையே வராது. நீங்களும் ஏறிப் போங்கோ."

"அவர் வடிவா ஓடிக் காட்டினா?"

"நான் பச்சைக்கு ஓம் எண்டு எழுதித் தாறன். நிமலும் லொறியிலேயே இருக்கட்டும்."

உண்மையில் ராஜீவன் வடிவாக ஓட்டுவார் என்றுதான் நானும் நினைத்தேன். நாம் தோற்கவும் கூடிய ஒரு சோதனையை வைத்தால்தான் அது சோதனை. நாம் நினைத்த பதிலை மட்டும் தரக்கூடியதென்றால் அது ஏரியில் ஓட்டிக் காட்டுவதுதான்.

அந்தப் பகுதிக்குக் கரண்ட் வெட்டியாகிவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு அடுத்த நாள் காலையிலேயே போனோம். பச்சை வண்டியில் ராஜீவன், டொக்டர், நான். சாப்பாட்டுப் பார்சல்களோடு ஃபாரூக்கின் மஞ்சள் வண்டி எங்களுக்குப் பின்னால் எங்கேயோ வந்தது. பெரிய வீதியில் பச்சை வண்டி அம்பு மாதிரிப் போனது. வளைவுகளில் ராஜீவனின் கை அசைந்தது தெரியவேயில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. டொக்டர் முன்னால் இருந்து காற்றை அனுபவித்துக்கொண்டு வந்தார். நான் தோற்றுவிட்டேன் என்றே முடிவு கட்டினேன்.

ஒழுங்கை வாயில் வந்தது. ராஜீவன் வேகத்தைக் குறைத்தார். பிறகு மோட்டாரை நிறுத்தினார். எழுந்து நின்று உள்ளே நெடுநேரம் பார்த்தார். வேலித் தகரங்கள், ஒரு வாழைக் குலை, மிதக்கும் மெத்தை, எங்கிருந்தோ வந்து சுருண்டு கிடந்த கேபிள் வயர்.

"ஏன் நிண்டனீர்?" என்று டொக்டர் கேட்டார்.

"இதுக்குள்ள விடேலாது டொக்டர்."

"ஏன்?"

"மாட்டும். அடியில என்ன கிடக்குது எண்டு தெரியாது. இப்பிடியான இடத்துக்குள்ள மோட்டரை இறக்கிக்கொண்டு போகக்கூடாது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"நிமல் போனவன்தானே?"

ராஜீவன் கொஞ்சம் தயங்கினார். "அதைத்தான், டொக்டர், நான் பிழை எண்டு எழுதினனான்."

எங்கள் சத்தம் கேட்டு ஒழுங்கைக்குள் ஒரு வீட்டு மாடி யன்னலில் ஒரு மனிதர் தலையை நீட்டினார். கையில் வெறும் தண்ணீர்ப் போத்தல். அதை ஆட்டிக் காட்டி, "மஹத்தயா, எனவத?" என்று கேட்டார். வருகிறீர்களா என்று. அவ்வளவுதான் கேட்டார்.

டொக்டர் அவருக்குக் கையை உயர்த்தினார். அப்போது எங்களுக்குப் பின்னால் உறுமல் கேட்டது. மஞ்சள் வண்டி வந்து, எங்களை உரசாமல் ஒதுங்கி, அதே எருமை நடையில் ஒழுங்கைக்குள் போனது. மெத்தையில் ஏறி இறங்கியது. தகரம் ஒன்று டயருக்குள் அகப்பட்டு, சடசடத்து, வெளியே வந்தது. ஃபாரூக் யன்னலுக்குக் கீழே நிறுத்திப் பார்சலையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தார்.

டொக்டர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராஜீவன், நீர் எழுதினது சரி. நிமல் பிழை விட்டவன்தான். ஆனா அந்தப் பிழையை விடாமல் இந்த ஊரில வேலை செய்யேலாது."

அந்த நேரத்தில் ராஜீவன் நினைத்திருந்தால் உள்ளே விட்டிருக்கலாம். ஒருவேளை மாட்டாமலே போய்த் திரும்பியிருப்பார். அவருக்கு ஒரு பெரிய விற்பனை கிடைத்திருக்கும். நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஓம் என்று எழுதியிருப்பேன். அடுத்த வெள்ளத்தில் யாராவது அந்த ஒழுங்கையிலேயே நின்றிருப்பார்கள். அவர் விடவில்லை. ஏனென்று பிற்பாடு கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் வண்டிக்குள்ள இருந்தனீங்க மிஸ்," என்றார்.

அதோடு அவர் நிறுத்தவுமில்லை. திரும்பும் வழியில், கேட்காமலே, "மஞ்சளை வாங்குங்கோ. ஆனா ஓடுற தண்ணிக்குள்ள மட்டும் விட்டிராதேங்கோ. அது இழுபட்டுப் போகும்" என்றார். போட்டிக் கொம்பனிக்காரர் வேறென்ன சொல்வார் என்று டொக்டர் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் மஞ்சளைக் கயிற்றில் கட்டி, கால்வாய் ஆற்றில் வந்து சேரும் இடத்தில் அதை இறக்கும்படி ஃபாரூக்கிடம் சொல்லிப் பார்த்தோம். டயர்கள் முன்னுக்குச் சுழல, வண்டி பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. கயிறு இல்லாவிட்டால் ஃபாரூக்கைக் கடலில்தான் போய் எடுத்திருக்க வேண்டும். பச்சை வண்டிக்கு அந்த இடம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பிராண்டும் நல்லவை. இரண்டும் ஓரிடத்தில் நம்மைக் கைவிடும். எது எங்கே கைவிடும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு, உங்களுடைய சனம் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பனியின் பிரசுரத்தில் அது இருக்காது. பிரசுரத்தில் இருப்பது எப்போதும் பனிமலையும் சிரிக்கிற வெள்ளைக்காரரும்தான்.

மஞ்சளை வாங்கினோம். அதன் சாவியை டொக்டரே நிமலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "நிமல், ஹெட்ட இந்தலா வாகனே உம்பட்ட" என்றார். நாளையிலிருந்து வண்டி உன்னுடையது. நிமலுக்கு அது போதுமாக இருந்தது.

பயிற்சி கொடுக்க மஞ்சள் கொம்பனி ஒருவரை அனுப்பியது. அவர் எஞ்சினைப்பற்றி நன்றாகச் சொன்னார். ஆனால் சாரதிகளுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல நான் ராஜீவனைத்தான் கேட்டேன். தோற்ற கொம்பனியின் ஆளைக் கூப்பிடுவது முறையா என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. டொக்டர், "அவரை விட்டா வேற ஆர் எங்களுக்கு ஏலாது எண்டு சொன்னது?" என்று கேட்டு வாயை அடைத்தார். ராஜீவனும் விடுமுறை போட்டுவிட்டு வந்தார். முதல் நாள் சாரதிகளைக் களனிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியை இறக்கவே இல்லை. தேங்காய் மட்டைகளை எறிந்து, அவை எங்கே சுழல்கின்றன, எங்கே நிற்கின்றன, எங்கே இழுபடுகின்றன என்று காலை முழுக்கப் பார்க்க வைத்தார். நிமல் அலுத்துப்போய், "மீன் பிடிக்கவாவது தூண்டில் கொண்டு வந்திருக்கலாம்" என்றானாம்.

அடுத்த பெருமழைக்கு ஆறு மறுபடி வந்தது. நான் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில் இருந்தேன். நிமல் ஃபோன் எடுத்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் கூரையில் இருக்கிறது. இந்தப் பக்கம் அவர்களுடைய சொந்தக்காரர்கள் கூடி நிற்கிறார்கள். தண்ணீரில் ஓடத்தானே இந்த வண்டி, ஏன் நிற்கிறாய் என்று கத்துகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது.

"தண்ணி ஓடுதா நிமல்?"

"ஓடுது மிஸ். மட்டை போட்டுப் பார்த்தன். மம யன்னே நெஹே." நான் போகப்போவதில்லை என்றான்.

"சரி, போகாதே. அங்கேயே நில். படகு அனுப்புறன்."

முகத்துவாரத்து மீனவர்களின் மோட்டார்ப் படகை லொறியில் ஏற்றி அனுப்பினோம். அது போய்ச் சேரும்வரை நடந்ததை ஃபாரூக் பிறகு சொன்னார். கல்லால் எறிந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், கூரையில் இருந்த பெண்ணின் தகப்பன், நிமலுடைய தாயின் பெயரை இழுத்து ஏசியிருக்கிறார். நிமல் உள்ளே போகவும் இல்லை, வண்டியைத் திருப்பவும் இல்லை. கூரையில் இருந்தவர்களுக்குத் தெரியும்படி தண்ணீர் ஓரத்தில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறான்.

படகு வந்து எல்லோரையும் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து மேட்டு நிலம்வரை படகு போகாது, ஆழம் இல்லை. நிமல்தான் மஞ்சள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஏசிய பெரியவருக்குப் பின்னால் இடம் இருக்கவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது. இறங்கும்போது பெரியவர் நிமலின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.